கேம்பிரிட்ஜ் கேட்ஸ் ஸ்காலர்ஷிப்: மூன்றாவது பரிந்துரைக் கடிதத்தில் கவனம்

கேம்பிரிட்ஜில் முதுகலையோ பிஎச்டியோ படிக்க கேட்ஸ் ஸ்காலர்ஷிப் கேட்கிறவர்கள் பலரும் கட்டுரைக்கே முழு நேரத்தையும் செலவழிக்கிறார்கள், ஆனால் என்னைக் கேட்டால் பரிந்துரைக் கடிதங்களுக்குத்தான் முதலில் அலைய வேண்டும். படிப்புக்கான இரண்டு கடிதங்கள் போக, கேட்ஸுக்கென்றே மூன்றாவதாக ஒன்று கேட்பார்கள். அதில் உங்கள் மதிப்பெண்ணைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. நீங்கள் எப்படிப்பட்ட ஆள், நாலு பேருக்கு என்ன செய்தீர்கள், பொறுப்பை எடுத்து நடத்துவீர்களா என்பதுதான் விஷயம். அதனால் பெரிய பதவியில் இருப்பவரை விட்டுவிட்டு, உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம் கேளுங்கள். நீங்கள் மாலை வகுப்பு எடுத்த பள்ளியின் தலைமையாசிரியர் மூன்று சம்பவங்களோடு எழுதினால் அது துணைவேந்தரின் பொத்தாம்பொதுவான பாராட்டைவிடப் பல மடங்கு பேசும். கேட்கும்போதே அந்தச் சம்பவங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஒரு மாதமாவது அவகாசமும் கொடுங்கள்.

அப்புறம், இந்த ஸ்காலர்ஷிப்புக்குத் தனி விண்ணப்பம் கிடையாது, படிப்புக்கான விண்ணப்பத்திலேயே நிதி உதவிப் பகுதியை நிரப்ப வேண்டும். முதலில் துறைதான் உங்களைப் பரிந்துரைக்கும், ஆக ஆய்வுத் திட்டம் சொதப்பலாக இருந்தால் மற்றதை யாரும் படிக்கக்கூட மாட்டார்கள்.