ஸ்லீட் என்பது ஆலங்கட்டி மழை அல்ல

குளிர்நாட்டு வானிலைச் செய்தியைத் தமிழாக்கும்போது ஸ்லீட் என்ற ஆங்கிலச் சொல் வந்தால், பலரும் யோசிக்காமல் 'ஆலங்கட்டி மழை' என்று போட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் வானத்திலிருந்து ஐஸ்தானே விழுகிறது என்று தோன்றலாம். ஆனால் ஆலங்கட்டி இடிமேகத்தில் பிறப்பது. மேகத்துக்குள் பலமாக மேலெழும் காற்று ஐஸ் துணுக்கைத் தூக்கிப் பிடித்திருக்க, அதன்மேல் நீர் படிந்து படிந்து உறைந்து கட்டி பருக்கிறது. நம் ஊரில் அது கோடை மழையோடு வருவதற்குக் காரணம் இதுதான். ஸ்லீட்டோ குளிர்காலத்துக்கு உரியது. இடியும் மின்னலும் அதற்குத் தேவையில்லை.

சரி, ஸ்லீட் என்றால் என்ன? பதில் சொல்லும் முன் செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். பிரிட்டனில் மழையும் ஸ்நோவும் கலந்து விழுந்தால், அல்லது ஸ்நோ பாதி உருகிச் சொதசொதவென்று விழுந்தால் அது ஸ்லீட். அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவைக்கு ஸ்லீட் என்பது சிறிய, கெட்டியான ஐஸ் மணிகள்; பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்குள் அடங்கும். லண்டனில் ஸ்லீட் கோட்டை நனைக்கும். சிகாகோவில் கார் கண்ணாடியில் சடசடவென்று பட்டுத் தெறிக்கும். கனடா வானிலைத் துறை இந்தக் குழப்பமே வேண்டாமென்று 'ஐஸ் பெல்லட்ஸ்' என்று எழுதுகிறது. தமிழிலும் அப்படிப் பிரித்து எழுதுவதே நல்லது: பிரிட்டன் செய்தியானால் 'பனி கலந்த மழை', அமெரிக்கச் செய்தியானால் 'ஐஸ் மணிகள்'.

சொல்லின் பிறப்பைப் பற்றியும் அவசர முடிவுகள் உண்டு. ஸ்லைட் (சறுக்குதல்), ஸ்லஷ் (பாதி உருகிய பனிச்சேறு) போன்ற சொற்களோடு ஓசை ஒத்துப்போவதால் இதுவும் அவற்றின் கிளை என்று நினைத்துவிடக் கூடாது. சுமார் 1300 முதல் ஆங்கில எழுத்தில் காணப்படும் பழைய சொல் இது. நெருங்கிய உறவு ஜெர்மன் மொழியில் இருக்கிறது. அங்கே 'ஷ்லோஸெ' என்றால் ஆலங்கட்டி! அப்படியானால் ஆலங்கட்டி என்று மொழிபெயர்ப்பது சரிதானே என்று கேட்கலாம். சரியில்லை. வேர் எங்கே இருந்தாலும், இன்று பேசுகிறவர்கள் எந்தப் பொருளில் சொல்கிறார்களோ அதைத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

கிராபெல் என்பதையும் ஸ்லீட்டோடு சேர்த்துவிடுவார்கள். விழும் ஸ்நோ துணுக்கின்மேல் மிகக் குளிர்ந்த நீர்த்துளிகள் ஒட்டி உறைந்து உண்டாகும் வெள்ளை உருண்டை அது. விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும். பெயரும் ஜெர்மன்தான், தீட்டிய பார்லி மணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

இருப்பதிலேயே ஆபத்தான குழப்பம், உறைமழையை (ஆங்கிலத்தில் ஃப்ரீசிங் ரெயின்) ஸ்லீட் என்று நினைப்பது. இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே: மேலிருந்து வரும் ஸ்நோ நடுவானில் ஒரு வெப்பமான காற்றடுக்கைக் கடக்கும்போது உருகுகிறது. அதற்குக் கீழே உறைநிலைக் குளிர் தடிமனாக இருந்தால், துளி தரைக்கு வருமுன்னே ஐஸ் மணியாகிவிடும். அது அமெரிக்க ஸ்லீட். குளிரடுக்கு மெல்லியதாக இருந்தால் உறைய நேரம் போதாது. துளி நீராகவே வந்து சாலை, மரக்கிளை, மின்கம்பி எதில் பட்டாலும் அங்கேயே கண்ணாடிபோல உறைந்துகொள்ளும். அதுதான் உறைமழை. ஐஸ் மணி தரையில் உருளும், கம்பியில் தங்காது. உறைமழை ஒட்டிக்கொண்டு எடை கூட்டும். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், கிழக்கு ஒன்ராறியோ பகுதிகளில் நாள்கணக்கில் பெய்தது உறைமழைதான். பெரிய மின்கோபுரங்களே பாரம் தாங்காமல் சரிந்தன. சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அங்கிருந்து வரும் உறைமழை எச்சரிக்கையை 'பனிமழை' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். படிப்பவர் ஸ்நோ என்று நினைத்துக் காரை எடுத்துவிடுவார்.