பேட்ச் நண்பர்கள் முகாம் நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் படித்த பழைய பேட்ச்கள் வெள்ளி விழா, பொன் விழா என்று கூடினால் முதல் நாள் முழுக்க ஹாஸ்டல் மெஸ் கதைதான். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யார் உளறினார், பேராசிரியர் என்ன சொல்லித் துரத்தினார் என்று சிரித்தே பொழுது போய்விடும். மறுநாள் காலை டிபன் முடிந்ததும் யாராவது ஒருவர், "ஊருக்கு ஏதாவது செய்யணும்டா" என்பார். வம்பு அங்கேதான் ஆரம்பம். இப்போது ஓர் இளைய பேட்ச் திருத்துறைப்பூண்டிப் பக்கம் இலவச மருத்துவ முகாம் போடுகிறது. திட்டத்தைக் கேட்டால், எங்கள் ஆட்கள் சறுக்கிய இடம் ஒன்று பாக்கியில்லாமல் அதில் இருக்கிறது. பந்தல், நாற்காலி, தண்ணீர் கேன் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சாம்பிள் மாத்திரை மூட்டை

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்துவிட்டுப் போன சாம்பிள்கள் எல்லா கிளினிக் டிராயரிலும் கிடக்கும். தர்மம் என்றதும் அதையெல்லாம் ஒரு சாக்கில் கொட்டிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். டிராயரும் காலி, புண்ணியமும் ஆச்சு!

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அதற்கப்புறம் நடந்த ஒரு முகாமில் இப்படி வந்த சாக்குகளைப் பள்ளிக்கூட பெஞ்சில் கொட்டிப் பிரித்தோம். பத்து மாத்திரை சேர்ந்த மாதிரி ஒரு பட்டையும் இல்லை. இரண்டு இரண்டாக வெட்டியதில் காலாவதித் தேதி ஒரு துண்டோடு போய்விட்டது. கையில் இருப்பது எந்தத் துண்டு என்று பார்த்தால் தேதி இல்லாத துண்டு. இன்சுலின் வேறு கொண்டுவந்திருந்தார் ஒருவர். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து, கரண்டே இல்லாத ஊரில்.

சர்க்கரை நோய் உள்ள ஒரு பாட்டிக்கு ஒருவர் மஞ்சள் அட்டையில் கொடுத்தார். பாட்டி அடுத்த மேசைக்குப் போனார், அங்கே வேறொருவர் நீல அட்டையில் கொடுத்தார். கம்பெனி வேறு, பெயர் வேறு, உள்ளே இரண்டும் சர்க்கரையை இறக்கும் அதே கிளிமிபிரைடு. இரண்டு டாக்டர் கொடுத்தது இரண்டு மருந்து என்று பாட்டி இரண்டையும் விழுங்கியிருக்கிறார். புயலடித்த வீட்டில் சாப்பாடு எங்கே ஒழுங்காக இருந்தது? மறுநாள் வியர்த்து, பேச்சுக் குழறிக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றியதும் கண்ணைத் திறந்து, "அந்த நீல மாத்திரை நல்ல மாத்திரை தம்பி, தூக்கமா வந்துச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிவாரணத்துக்குக் கொடுக்கும் மருந்தில் மருத்துவர் சாம்பிளும், நோயாளி திருப்பிக் கொடுத்ததும் கூடாது, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறையே சொல்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பகுதி அங்கே உதவாதது. அதை அழிப்பதே தனிச் செலவாகிவிட்டது.

என்ன செய்யலாம்? முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்த்து எது தேவை என்று கேளுங்கள். ஒரு மருந்து, ஒரே அளவு, ஒரே கம்பெனி என்று மொத்தக் கடையில் வாங்குங்கள். மருந்து கொடுக்க ஒரே மேசை. முகாமில் புதிதாக பிரஷர், சர்க்கரை தெரியவந்தவர்களின் பட்டியலை அந்த ஊரில் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். 2021 முதல் அவர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறார்கள். பத்து நாள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நாம் ரயிலேறிவிட்டால் பதினோராம் நாள் அந்த ஆள் எங்கே போவார்?

தேதி

பொங்கலுக்கு வரும் அமெரிக்க நண்பருக்காக அறுப்பு நேரத்தில் முகாம் வைக்காதீர்கள், ஒருவரும் வரமாட்டார்கள்.

அபூர்வ எக்ஸ்ரே

விழுங்கிய ஹேர்பின், மூக்குக்குள் போன புளியங்கொட்டை, ஆறு விரல் எக்ஸ்ரே எல்லாம் நமக்குள் காட்டிக்கொள்வது பழைய வழக்கம். தப்பில்லை. ஆனால் ஃபிலிமின் மூலையில் பெயரும் வயதும் இருக்கும், அதை மறைக்காமல் போனில் அனுப்பிவிடுகிறார்கள். பெயரை மறைத்தாலும் ஊரைச் சொன்னால் தீர்ந்தது. மன்னார்குடியில் ஹேர்பின் விழுங்கியவர் யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

வெளிநாட்டுப் பணம்

இந்தியக் குடியுரிமையை விட்டுவிட்ட நண்பர் தர்மக் காரியத்துக்கு அனுப்பும் பணம் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு, அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவு வேண்டும். இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் அது இதில் சேராது. எஃப்சிஆர்ஏ பதிவுள்ள அறக்கட்டளை ஒன்று வாங்கி நம் கணக்குக்கு மாற்றிவிடட்டும் என்பதும் 2020 திருத்தத்துக்கு அப்புறம் நடக்காது. செலவையும் அவர்களே செய்ய வேண்டும்.

ரசீது

நன்கொடைக்கான 80ஜி வருமான வரி விலக்குக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் செல்லாது. பேட்ச் செயலாளரின் சொந்தக் கணக்கிலும் போடாதீர்கள், அவருக்கு மனைவி இருக்கிறார், ஆடிட்டரும் இருக்கிறார்.