காரில் கைத்துப்பாக்கி: டெக்சஸிலும் மாநில எல்லை தாண்டியும்

அமெரிக்காவில் இருக்கும் தமிழர் ஒருவர் காரில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது கடை விலையை அல்ல, தன் விசாவை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 என எதில் இருந்தாலும் ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. 2022-க்கு முன் 10 ஆண்டாக இருந்தது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பித் தற்காப்புக்காகக் காரில் எடுத்துச் செல்ல நினைப்பவர், துப்பாக்கியைத் தொடுமுன் குடிவரவுச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரைப் பார்ப்பதே சரி. கிரீன் கார்டு இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் குடியுரிமை பெறாத எவரையும் துப்பாக்கிக் குற்றத் தீர்ப்பு ஒன்றே நாடுகடத்தப் போதுமானது. பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு அபராதத்தோடு முடியும் தவறு உங்கள் குடும்பத்தையே ஊருக்கு அனுப்பிவிடலாம்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. துப்பாக்கி உங்களுடையது, முன் இருக்கைகளுக்கு நடுவில் உள்ள கன்சோல் பெட்டியில் இருக்கிறது. எஃப்-1 விசாவில் படிக்கும் தம்பி மளிகை வாங்க அதே காரை எடுத்துப் போகிறான். அது உள்ளே இருப்பது தெரிந்து, எட்டும் தூரத்திலும் இருந்தால், அந்த நேரத்தில் அதை வைத்திருப்பவன் அவன்தான் என்று வழக்குப் போட இடமிருக்கிறது. காரை யாரிடம் கொடுத்தாலும் துப்பாக்கி முதலில் வீட்டுப் பெட்டகத்துக்குப் போக வேண்டும்.

டெக்சஸ் சட்டம் காரைப் பொறுத்தவரை தாராளமானது. 2007 முதலே சொந்தக் காரில் உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடிந்தது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய தகுதியுள்ளவர் உரிமமின்றி வெளியிலும் எடுத்துச் செல்லலாம். காருக்குள் அது கண்ணில் படும்படி இருந்தால் ஹோல்ஸ்டர் எனும் உறைக்குள் இருக்க வேண்டும்; இருக்கை மேல் சும்மா கிடந்தால் குற்றம். சாதாரணப் போக்குவரத்து மீறலைத் தாண்டிய எந்தக் குற்றத்தில் ஈடுபட்டிருந்தாலும் இந்தச் சலுகை போய்விடும். குடித்துவிட்டு ஓட்டுவது அந்த வகையில் சேரும். ஆகவே ஒரு பீர் உள்ளே போகும் மாலையில் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்படியிருக்க, உரிமம் எதற்கு? பள்ளிக்கூடங்களுக்காக. எந்தப் பள்ளியைச் சுற்றியும் 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதை ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. அந்த மாநிலமே கொடுத்த உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. தோட்டா நீக்கிப் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பவருக்கும் உண்டு. உரிமமில்லாமல், தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு டல்லாஸுக்குள் பத்து நிமிடம் ஓட்டினாலே ஏதாவது ஒரு பள்ளி வட்டத்துக்குள் புகாமல் இருக்க முடியாது. உரிமம் தேவையில்லை என்று மாநிலமே சொன்ன பிறகும் டெக்சஸின் எல்டிசி (லைசென்ஸ் டு கேரி) உரிமத்தை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். தபால் நிலைய விதி அதன் வாகன நிறுத்துமிடத்தையும் சேர்த்தே தடுக்கிறது. ராணுவ முகாம் வாசலுக்கும் துப்பாக்கியோடு போகாதீர்கள்.

இனி எங்கே வைப்பது. எட்ட வேண்டும் என்றால் உடம்போடு இருப்பதுதான் நல்லது: ட்ரிகரையும் (விசை) அதைச் சுற்றிய காவல் வளையத்தையும் முழுவதும் மூடும் கெட்டியான கைடெக்ஸ் (கடினப் பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர், அதைத் தாங்கும் தடித்த பெல்ட். சீட் பெல்ட்டின் இடுப்புப் பட்டை துப்பாக்கியின் மேல் அழுந்தாமல் அதற்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டிப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்குக்கு அடியில் காந்தத்தில் ஒட்டி வைப்பது இணையத்தில் பிரபலம், ஆனால் தவறு. ட்ரிகர் திறந்து கிடக்கிறது. மோதலில் காந்தம் தாங்காது. முழங்கால் ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த உலோகம் உங்கள் மேலேயே பாயும். இருக்கைக்கு அடியில் வைத்த துப்பாக்கி பிரேக் போட்டதும் சறுக்கும். 2016 ஏப்ரலில் மில்வாக்கியில் அப்படித்தான் நடந்தது: ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து பின்னால் சறுக்கி வந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டு, ஓட்டிக்கொண்டிருந்த தாய் இறந்தார். காரில் குழந்தை இருக்கை இருக்கிறது என்றால் இரண்டே இடம்தான்: உங்கள் இடுப்பு அல்லது பூட்டிய பெட்டி. டெக்சஸில் 17 வயதுக்குக் கீழான பிள்ளை, தோட்டா ஏற்றிய துப்பாக்கியை எடுக்கும்படி அலட்சியமாக விடுவதே தனிக் குற்றம்.

தவறிச் சுடும் விபத்துகளில் பல, துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து மாற்றி வைக்கும்போது நடக்கின்றன. அதனால் காருக்குள் துப்பாக்கியை உறையிலிருந்து உருவவே கூடாது. துப்பாக்கி கூடாத கடைக்குப் போக வேண்டும், இடுப்பிலிருந்து கழற்ற வேண்டும் என்றால், முந்தைய நிறுத்தத்திலேயே ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றி அப்படியே பெட்டிக்குள் வையுங்கள். இதற்கு வசதியாக, பெல்ட்டிலிருந்து ஒரே இழுப்பில் வரும் கிளிப் வைத்த ஹோல்ஸ்டரை வாங்குங்கள். பெட்டியும் உறையோடு சேர்த்து வைக்கும் அளவுக்கு இருக்கட்டும். கடையிலேயே இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

பெட்டி விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். இருக்கைச் சட்டத்தில் கம்பி சுற்றிப் பூட்டும் சின்னப் பெட்டி, கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுப் பார்க்கும் திருடனைத் தடுக்கும். கம்பி வெட்டும் கருவியோடு வருபவனைச் சில நொடிகள்கூடத் தாமதப்படுத்தாது. கன்சோலுக்குள் தரைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கும் எஃகுப் பெட்டகம் உங்கள் கார் மாடலுக்கென்றே கிடைக்கும். வெயிலில் நிற்கும் காரில் பேட்டரி சீக்கிரம் கெடும், கைரேகைப் பூட்டு வேண்டிய நேரத்தில் திறக்காது; பொத்தான் அழுத்தும் இயந்திரப் பூட்டே மேல். கிளவ் பாக்ஸ் பூட்டு பூட்டே அல்ல. பின் கண்ணாடியில் துப்பாக்கி நிறுவன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இன்றே கிழித்துவிடுங்கள். அது திருடனுக்கான விளம்பரம். இரவு முழுவதும் காரில் விடுவது எந்தப் பெட்டியிலும் கூடாது. வெயிலில் தோட்டா தானாக வெடிக்காது. ஆனால் மாதக்கணக்கில் சூட்டில் கிடந்த தோட்டாவை நம்ப முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை பழையதைப் பயிற்சித் திடலில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிது போடுங்கள்.

தோட்டாவை நீக்குவதில் வரிசை முக்கியம். முதலில் மேகஸினை (தோட்டாக்கள் அடுக்கிய கூடு) எடுங்கள். பிறகு ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்பகுதியில் நகரும் பாகம்) இழுத்து சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா இருக்கும் அறை) உள்ள தோட்டாவை வெளியேற்றி, ஸ்லைடைப் பின்னாலேயே நிறுத்தி, சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். வரிசை மாறி ஸ்லைடை முதலில் இழுத்தால், இருந்த தோட்டா வெளியே விழும், மேகஸினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறும். பிறகு மேகஸினை உருவிவிட்டுக் காலி என்று நினைத்துக்கொள்வீர்கள். இதை வீட்டில் பாதுகாப்பான திசை பார்த்துச் செய்யுங்கள், வாகன நிறுத்துமிடத்தில் அல்ல. அதே தோட்டாவைத் தினமும் எடுத்துப் போட்டால் குண்டு மெல்ல உள்நோக்கி அமுங்கும், சுடும்போது அழுத்தம் ஏறும். புதுத் தோட்டா ஒன்றோடு பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

போலீஸ் நிறுத்தினால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, இரவென்றால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வையுங்கள். வண்டிப் பதிவும் இன்சூரன்ஸும் துப்பாக்கி இருக்கும் இடத்தில் இருக்கவே கூடாது. வெயில் மறைப்பில் செருகி வையுங்கள். டெக்சஸில் எல்டிசி வைத்திருந்து துப்பாக்கியோடு இருப்பவர், அடையாள அட்டை கேட்கப்படும்போது உரிமத்தையும் காட்ட வேண்டும். வட கரோலினா, மிச்சிகன் போன்ற இடங்களில் கேட்காமலே முதலில் சொல்ல வேண்டும். ‘கன்’ என்ற சொல்லில் வாக்கியத்தைத் தொடங்காதீர்கள். “ஆஃபிசர், ஐ ஹேவ் எ லைசென்ஸ் டு கேரி. இட்ஸ் ஆன் மை ரைட் ஹிப். ஹவ் வுட் யூ லைக் மீ டு ப்ரொசீட்?” என்று சொல்லிவிட்டு, பதில் வரும்வரை அசையாதீர்கள். 2016 ஜூலையில் மினசோட்டாவில் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொன்ன உரிமதாரர் ஃபிலாண்டோ காஸ்டீல் சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அடையாள அட்டையைத்தான் எடுத்தார் என்றார் கூடவே இருந்த பெண். சுட்ட அதிகாரி பின்னர் விடுதலையானார். தப்பு காஸ்டீலுடையது அல்ல. ஆனாலும் உங்கள் கை ஸ்டீயரிங்கிலேயே இருக்கட்டும்.

மாநில எல்லையைத் தாண்டினால் டெக்சஸ் சட்டம் உங்களோடு வராது. டல்லாஸிலிருந்து நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவாவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். இரு முனையிலும் துப்பாக்கி சட்டபூர்வம்; நடுவில் நியூ ஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ். 1986-ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டம் இதற்கு வழி தருகிறது: தோட்டா நீக்கியிருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் பகுதியிலிருந்து எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத எஸ்யூவியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கிளவ் பாக்ஸும் கன்சோலும் பெட்டியாகாது. செடானிலும் பூட்டிய பெட்டியில் வைத்து டிக்கியில் வையுங்கள். தோட்டா தனிப் பெட்டியில். டெக்சஸ் எல்லையைத் தாண்டுமுன் இப்படிக் கட்டி, நாஷுவா போய்ச் சேரும்வரை பிரிக்காதீர்கள்.

அந்தச் சட்டத்துக்கும் ஓட்டை உண்டு. யூட்டாவைச் சேர்ந்த பயணி ஒருவர் 2005-இல் விமானத்தைத் தவறவிட்டு, நியூ ஜெர்சி ஹோட்டலில் பெட்டியோடு இரவு தங்கியதால் கைதானார். பெட்டி கைக்கு எட்டியது என்று 2010-இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஆகவே இந்த நான்கு மாநிலங்களிலும் இரவு தங்காதீர்கள், நண்பர் வீட்டு விருந்துக்கும் ஒதுங்காதீர்கள். பெட்ரோல், கழிப்பறை, அவ்வளவே. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகஸினுக்கு நான்கிலுமே தடை; 1986 சட்டம் துப்பாக்கியையும் தோட்டாவையும் மட்டுமே பெயர் சொல்லிக் காக்கிறது, மேகஸினைச் சொல்லவில்லை. 10 கொள்ளும் மேகஸினை மட்டும் எடுத்துப் போங்கள். நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ள) தோட்டாவுக்கும் கெடுபிடி உண்டு. அதையும் வீட்டில் விடுங்கள். பென்சில்வேனியா உரிமத்தோடு 2013-இல் நியூ ஜெர்சிக்குள் வந்த ஒரு தாய், போலீஸிடம் தானாகவே உண்மையைச் சொல்லிக் கைதானார். 2015-இல் ஆளுநர் மன்னித்த பிறகே முழுதும் விடுபட்டார்.

நயாகரா போய், அப்படியே டொராண்டோ ஸ்கார்பரோவில் உறவினரைப் பார்க்க நினைப்பவர்கள் துப்பாக்கியை வீட்டிலேயே விட வேண்டும். கனடா எல்லையில் கைத்துப்பாக்கி பிடிபட்டால் அது குற்றவியல் வழக்கு. அமெரிக்க உரிமத்துக்கு அங்கே மதிப்பில்லை. பஃபலோவில் தவறான எக்ஸிட் எடுத்துப் பாலத்தில் ஏறிவிட்டால் நடுவில் திரும்ப முடியாது. மெக்சிகோ எல்லைக்கும் இதுவே பொருந்தும்.

துப்பாக்கியின் தொடர் எண்ணை, படத்தோடு, காரில் அல்லாமல் வேறிடத்தில் எழுதி வையுங்கள். திருடு போனால் அந்த எண்ணோடு அன்றே போலீஸில் புகார் கொடுங்கள். எண் இல்லாமல் கொடுக்கும் புகாரை வைத்துத் தேசியப் பதிவேட்டில் உங்கள் துப்பாக்கியைத் தேட முடியாது.