முப்பது சென்டிமீட்டர் என்னும் மூடநம்பிக்கை: மலைச்சரிவில் மண்ணும் ஓடைப் படிவும் எடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

கனிமத் தேடலுக்காக மலையேறி மண் மாதிரியும் ஓடைப் படிவும் எடுக்கப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி தாமாகவே சரியாகிவிடும். பேனாவை மறந்தவர் இன்னொரு முறை மறக்கமாட்டார். ஒரே எண்ணை இரண்டு பைகளில் எழுதியவர் மாலையில் கணக்குப் பார்க்கும்போது மாட்டிக்கொள்வார். தண்ணீர் போதாமல் பாதி வழியில் இறங்கி வந்தவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். சத்தமே இல்லாமல் ஆய்வகம் வரை போய், வரைபடமாக அச்சாகி, பள்ளம் தோண்டக் கூலியும் கொடுத்த பிறகு தலைகாட்டும் தவறுகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஆழத்தை அளந்துவிட்டு அடுக்கை மறப்பது

"மண்ணை 30 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கவும்." அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதப்படும் களக் குறிப்புகளில் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. துளைக்கருவியில் ஒரு நாடாவைச் சுற்றி அடையாளம் வைத்துவிட்டால் அதன் பிறகு யாரும் யோசிக்க வேண்டியதில்லை. ஒரே மாதிரி மண் பரந்து கிடக்கும் சமவெளியில் இது ஓரளவுக்குச் செல்லும். மலையில் செல்லாது.

மேலிருந்து கீழ்வரை மண் ஒரே சரக்காக இருப்பதில்லை. மேலே ஏ அடுக்கு: இலைமக்கும் வேரும் கலந்து கறுத்த, பொலபொலவென்று உதிரும் மண். அதன் அடியில் சில இடங்களில் மழைநீர் உலோகங்களைக் கழுவி இறக்கியதால் வெளுத்துப்போன சாம்பல் நிறப் பட்டை ஒன்று தெரியும். அதற்குக் கீழே பி அடுக்கு. கழுவி இறங்கிய இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் தங்குமிடம் அது. செம்பழுப்பாக இருக்கும், ஈரமாக உருட்டினால் விரலில் ஒட்டும். கடைசியில் சி அடுக்கு: கூர்முனை மழுங்காத துணுக்குகளோடு பாதி மக்கிய தாய்ப்பாறை. ஒரே குழியில், ஒரே தாதுவுக்கு மேலே, இந்த அடுக்குகள் ஒவ்வொன்றிலும் செம்பின் அளவு வேறாக இருக்கும். வெளுத்த பட்டையில் அடியோடு இறங்கி, ஒரு சாண் கீழே பி அடுக்கில் ஏறி நிற்கலாம். பாதரசம், வெள்ளி போன்றவற்றை இலைமக்கும் தன் பங்குக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சரிவில் இந்த அடுக்குகளின் ஆழம் இடத்துக்கு இடம் மாறுகிறது. முகட்டில் மண் மெல்லியது. 30 சென்டிமீட்டர் போவதற்குள் கருவி பாறையில் இடிக்கும். நடுச்சரிவில் பி அடுக்கு அகப்படலாம். அடிவாரத்தில் மேலிருந்து உருண்டும் வழிந்தும் வந்த மண் ஆள் உயரத்துக்குக் கூடக் குவிந்திருக்கும். அங்கே 30 சென்டிமீட்டர் என்பது இன்னும் வேர்களுக்கு நடுவில்தான். ஆக, ஒரே கோட்டில் ஒரே ஆழத்தில் எடுத்த மாதிரிகள் மூன்று வெவ்வேறு பொருள்கள். அவற்றை ஒரே பட்டியலில் போட்டு ஒப்பிட்டால் வரைபடத்தில் மலையின் வடிவம்தான் வரும்.

அப்படி வந்த வரைபடம் ஒன்றைப் பார்க்க என்னை அழைத்தார்கள். முகட்டிலிருந்து பள்ளத்தாக்கு வரை இறங்கும் கோடுகளில் இளைஞர் குழு ஒன்று மண் எடுத்திருந்தது. செம்பும் துத்தநாகமும் பள்ளத்தாக்கின் இரு கரையிலும் அடிவாரத்தை ஒட்டிச் சிவப்புப் பட்டைகளாக ஓடின. சமஉயரக் கோடுகளுக்கு அப்படியே இணையாக! தாதுப் படலம் இவ்வளவு மரியாதையாக மலையின் வளைவைப் பின்பற்றுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பள்ளம் வெட்டுவதற்கான இடங்களைக்கூடக் குறித்துவிட்டார்கள்.

மறுநாள் போய், அதிக அளவு காட்டிய புள்ளிகளில் ஒன்றுக்கு அருகே மண்வெட்டியால் புதுக்குழி வெட்டினோம். 30 சென்டிமீட்டரில் கறுப்புச் சேறு, சல்லி வேர்கள், அழுகிய இலை வாடை. சுவரிலிருந்து நீர் கசிந்து குழியின் அடியில் தேங்கத் தொடங்கியது. சரிவு முடிந்து தரை தட்டையாகும் இடம் அது. மேலே மண்ணுக்குள் இறங்கிய நீர் அங்கேதான் வெளிவருகிறது. வரும்போது கரைத்துக்கொண்டு வந்த உலோகங்களை இலைமக்கிலும், காற்றுப் பட்டதும் படியும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளிலும் விட்டுச் செல்கிறது. ஆய்வக அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால், துத்தநாகம் ஏறிய இடத்தில் எல்லாம் மாங்கனீசும் கூடவே ஏறியிருந்தது. அந்த உலோகம் மேலே இருக்கும் உண்மையான தாதுவிலிருந்து வந்திருக்கலாம். சாதாரணப் பாறையிலிருந்து காலங்காலமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், பள்ளம் வெட்ட வேண்டிய இடம் அது இல்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கசிவு நிலத்து மாதிரிகளைத் தனியே பிரித்துவிட்டு மற்றவற்றை வைத்து மறுபடி வரைந்திருக்க முடியும். களப் புத்தகத்தைக் கேட்டேன். ஆழம் என்ற பத்தியில் முதல் வரியில் 30. அதற்குக் கீழே பக்கம் பக்கமாக மேற்படிக் குறி. நிறம் என்ற பத்தி காலி. அடுக்கு என்ற பத்தியே இல்லை. எந்தப் பை எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதைப் பொடியாக்கப்பட்ட மாதிரியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எல்லாக் கோடுகளையும் மீண்டும் நடக்க வேண்டியதாயிற்று. அதற்குள் மழை தொடங்கிவிட்டதால் அடுத்த வறண்ட பருவம் வரை காத்திருந்தார்கள்.

கரடுமுரடான மலையில் ஒரு மாதிரியின் செலவில் பெரும்பங்கு, ஓர் ஆளை அந்தப் புள்ளியில் கொண்டு நிறுத்துவதற்கே போகிறது. அவ்வளவு பாடுபட்டு ஏறி, இன்னும் ஒரு முழம் தோண்டச் சோம்பி நாடா அடையாளத்தோடு நிறுத்திக்கொள்வதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். வேலை தொடங்கும் முன், அதே மலையில் தாது இருப்பது ஏற்கெனவே தெரிந்த இடம் ஏதேனும் இருந்தால் அங்கே சில குழிகளைச் சுவர் தெரியும்படி வெட்டுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் தனித்தனியாக மண் எடுத்து, இரண்டு மூன்று சல்லடை அளவுகளில் சலித்து ஆய்வுக்கு அனுப்புங்கள். தாதுவுக்கு மேலுள்ள குழிக்கும் வெற்றுப் பாறைக்கு மேலுள்ள குழிக்கும் எந்த அடுக்கில் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறதோ, அதை எடுக்கச் சொல்லிக் களக் குறிப்பை எழுதுங்கள். "பி அடுக்கின் மேல்பகுதி, அது இல்லாத இடத்தில் சி, எதை எடுத்தாய் என்று எழுது" என்ற வரி போதும். சில மலைகளில் பி அடுக்கு சரியாக வளர்ந்திருக்காது. அங்கே முழு வேலையையும் சி அடுக்கில் செய்வதே மேல். எதுவும் அகப்படாவிட்டால் சில மீட்டர் தள்ளித் தோண்டலாம், தள்ளியதை எழுதிவைத்தால் போதும். அங்கும் இல்லையென்றால் அந்தப் புள்ளியைக் காலியாக விடுங்கள். காலிப் புள்ளி யாரையும் ஏமாற்றுவதில்லை.

நிறத்தை எழுதத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி: ஈர மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துக் களப் புத்தகத்தில் அந்த எண்ணுக்கு நேரே தேய்த்துவிடுங்கள். கறையே சாட்சி சொல்லும்.

அதிக அளவு வந்த இடத்திலேயே தோண்டுவது

சரியான அடுக்கில் எடுத்தாலும் சரிவு சும்மா இருக்காது. மண் மெல்ல மெல்லக் கீழே ஊர்ந்துகொண்டே இருக்கிறது. தாதுவிலிருந்து கிளம்பிய மண் கீழ்நோக்கி விசிறியாகப் பரவும். மேல் விளிம்பில் அளவு சட்டென்று விழும், கீழ்ப்பக்கம் வால் நீளும். இந்த வடிவம் தெரிந்தால் பள்ளத்தை மேல் விளிம்பைக் கடந்து வெட்டத் தொடங்குங்கள். புதியவர்கள் மிக உயர்ந்த எண்ணுக்கு நேர் கீழே தோண்டி, வெற்றுப் பாறையைக் கண்டு, "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டு வருகிறார்கள். தாது மேலே, அவர்கள் தலைக்கு நேரே இருந்திருக்கும்.

ஓடைகள் கூடும் இடம்

இரண்டு ஓடைகள் கூடும் இடத்துக்குக் கீழே இரண்டுக்கும் சேர்த்து ஒரு மாதிரி மட்டும் எடுத்தால் வேலை மிச்சம் என்று தோன்றும். உலோகம் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பது தெரியாமல் போகும். கூடிய உடனே இரண்டு படிவுகளும் சீராகக் கலந்துவிடுவதும் இல்லை. ஒரு கரையோரம் ஒரு கிளையின் மணல், மறு கரையோரம் மற்றதன் மணல். ஒவ்வொரு கிளையிலும் கூடலுக்கு மேலே, பெரிய ஓடையின் வெள்ளம் பின்வாங்கி ஏறாத தூரத்தில் எடுங்கள்.

கரை சரிந்து விழுந்த மண்ணையும் தவிருங்கள். அது அந்தக் கரையைப் பற்றி மட்டும்தான் பேசும். ஓடும் நீரில் புதிதாகப் படிந்ததை, படுகையின் நெடுக சில இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிச் சேர்ப்பதே முறை. வழக்கமாக 80 மெஷ் சல்லடையில், அதாவது சுமார் 180 மைக்ரானில் இறங்குவதைத்தான் ஆய்வகம் பார்க்கிறது. செங்குத்தான ஓடைகளில் பாறையும் சரளையுமே அதிகம். பை கனக்கிறதே என்று நம்பிக் கொண்டுபோனால், சலித்த பிறகு ஒரு கைப்பிடிகூடத் தேறாது. அங்கேயே ஓடைநீரில் சலித்துவிடுங்கள். வாளியில் இறங்கிய கலங்கல் தெளியும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் நுண்ணிய களிமண்ணும் அதோடு ஒட்டிய உலோகமும் நீரோடு போய்விடும்.

எண்கள் வந்தபின் செய்யும் தவறு இன்னொன்று: எல்லா ஓடைகளுக்கும் ஒரே அளவுகோல் வைப்பது. செம்பின் சாதாரண அளவு 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) உள்ள மலையில், 1,000 பிபிஎம் செம்புள்ள மண் இரண்டு ஹெக்டேரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீர்ப்பிடிப்பு, அதாவது ஓடைக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பு, முழுவதும் ஒரே சீராக அரிக்கப்பட்டால், 1 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பின் வாயில் சுமார் 40 பிபிஎம் வரும். கண்ணில் படும். அதே திட்டு 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் இருந்தால் வாயில் 22 தான். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நீர்ப்பிடிப்பின் பரப்பைப் பக்கத்தில் எழுதாமல் ஓடை எண்களை வரிசைப்படுத்துவது வீண்.

வெள்ளம்

காத்திருங்கள்.

மோதிரம், பித்தளைச் சல்லடை, பெயின்ட் அடித்த மண்வெட்டி

வேண்டாம், அவற்றின் உலோகம் மாதிரியில் கலந்துவிடும். வெயிலுக்குப் பூசும் களிம்பிலும் துத்தநாகம் இருக்கும், கையைக் கழுவுங்கள்.

தங்கத்துக்குச் சின்னப் பை

தங்கம் மண்ணில் சீராகக் கரைந்து கிடப்பதில்லை, துகள்களாக இருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரே ஒரு தங்கத் துகளின் எடை சுமார் 19 மைக்ரோகிராம். ஆய்வகம் எடுக்கும் 30 கிராமில் அது விழுந்தால் முடிவு 640 பிபிபிக்கு (நூறு கோடியில் 640 பங்கு) மேல். விழாவிட்டால் சாதாரண மண் காட்டும் சில பிபிபி. ஒரே குழி, ஒரே பை, இரண்டு முடிவுகள். முதல் எண்ணைப் பார்த்துக் கொண்டாடுவதும் இரண்டாவதைப் பார்த்து மலையைக் கைவிடுவதும் ஒரே அறியாமைதான். சில கிலோ படிவை அப்படியே சயனைடில் கரைத்துப் பார்க்கும் முறை இதற்காகவே வந்தது. கூடவே ஆர்சனிக், ஆண்டிமனி ஆகியவற்றையும் பாருங்கள். பல தங்கப் படிவங்களைச் சுற்றி அவை தங்கத்தைவிடச் சீராகப் பரவியிருக்கும்.

சரிவில் நாடா பிடிப்பது

30 பாகைச் சரிவில் தரையோடு 50 மீட்டர் அளந்தால் வரைபடத்தில் 43 மீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் 130 மீட்டருக்கு மேல் பிசகும். ஜிபிஎஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு: குறுகிய பள்ளத்தாக்கில் வானம் கொஞ்சம்தான் தெரியும், கருவி காட்டும் பிழை அளவையும் சேர்த்து எழுதுங்கள். பழைய வரைபடமும் ஜிபிஎஸ்ஸும் வேறு வேறு புவி ஆதாரத் தளத்தில் (ஆயங்களைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் பூமி வடிவம்) இருந்தால் புள்ளி பல நூறு மீட்டர் தள்ளி விழக்கூடும். மலையில் அது வேறொரு ஓடை.

எண் வரிசை

நடந்த வரிசையிலேயே பைகளை ஆய்வகத்துக்கு அனுப்பினால், கருவியின் அளவீடு அன்று காலைக்கும் மாலைக்கும் இடையே நகர்ந்த பிசகு, வரைபடத்தில் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு ஏறும் சரிவாகத் தெரியும். எண்களை முன்கூட்டியே கலைத்துவிட்டால் அந்தப் பிசகு எல்லா இடத்திலும் சிதறிவிடும். சுமார் 20 பைகளுக்கு ஒன்றாவது அதே இடத்தில் மீண்டும் எடுத்த இரட்டை மாதிரியாக இருக்கட்டும். அளவு தெரிந்த மாதிரியும் உலோகம் இல்லாத வெற்று மாதிரியும் இடையிடையே போகட்டும். எல்லாவற்றுக்கும் சாதாரண எண்ணே கொடுங்கள். பையின் மேல் பெரிய எழுத்தில் "இரட்டை" என்று எழுதி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுப்பது போல.