பம்பரகந்தை நீர்வீழ்ச்சிக்குக் கொழும்பிலிருந்து திட்டமிடுதல்

இலங்கையின் மிக உயரமான நீர்வீழ்ச்சியான பம்பரகந்தையைக் (263 மீற்றர்) காணப் புறப்படுவோர், புறக்கோட்டையில் பதுளை பஸ் ஏறி, இரத்தினபுரி, பலாங்கொடை கடந்து களுபகனயில் இறங்கி, எஞ்சிய சுமார் 5 கிலோமீற்றர் ஏற்றத்தை நடக்கலாம். ஒரே நாளில் திரும்புவது வீண் அவசரம். களுபகனக்கு முன்னே வழியிலுள்ள பெலிகுலோயாவில் ஓரிரவு தங்குவதே நல்லது.

பெப்ரவரி, மார்ச்சில் வழி காய்ந்திருக்கும், ஆனால் அருவி நூலாக மெலிந்துவிடும். ஒக்டோபர், நவம்பரில் நீர் பெருகும், பாறையும் வழுக்கும். ஆகவே மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

காலுறையின் மேல் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்தால் அட்டை எளிதில் ஏறாது. கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், அதன் வாயருகே நகத்தை நுழைத்துப் பக்கவாட்டில் நெம்பி எடுக்க வேண்டும். செருப்போடு வரும் நண்பரை வீட்டிலேயே விட்டுவிடலாம். அடிவாரத் தடாகத்தில் நிற்கையில் தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, இலைதழை மிதந்து வந்தால், மலைமேல் மழை கொட்டுகிறது என்றறிந்து அக்கணமே கரையேறுங்கள்.