புத்தக ராக் வாங்கும் முன்: நான் செய்து பார்த்துவிட்ட தவறுகள்

போன மாதம் அக்கா மகன் மன்னார்குடியில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடிபோனான். எழுநூறு புத்தகம் சேர்த்து வைத்திருக்கிறான். "மாமா, ராக் வாங்கி அடுக்கிட்டேன், வந்து பாருங்க" என்று போன் செய்தான். போய்ப் பார்த்தேன். வாங்கிய பொருள், நிறுத்திய இடம், அடுக்கிய விதம் என்று ஒன்று விடாமல் எல்லாம் இருபது வருஷத்துக்கு முன் கும்பகோணத்தில் நான் செய்ததுதான். காப்பியைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் கீழே இறக்கச் சொன்னேன். அன்று அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை.

என்னிடம் இப்போது சுமார் நாலாயிரம் புத்தகங்கள் இருக்கின்றன. பட்டா இருந்தாலும் பணம் இல்லாத குடும்பம், அதனால் தேக்கு அலமாரி பற்றி எனக்குத் தெரியாது. மலிவாக எதில் அடுக்குவது, அதில் எங்கே சறுக்குவோம் என்பது தெரியும். வெயில் படக்கூடாது, ஈரக்கையால் தொடக்கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும்.

எடை போடாமல் வாங்குவது

தமிழில் பெரும்பாலான புத்தகங்கள் டெமி அளவு, அதாவது ஐந்தரை அங்குல அகலம். அவற்றை நெருக்கமாக அடுக்கினால் ஓர் அடி நீளத்துக்கு ஏழெட்டு கிலோ வரும். கெட்டி அட்டை, அகராதி வகை என்றால் பத்தைத் தாண்டும். மூன்றடித் தட்டு ஆறு கொண்ட ஒரு ராக்கில் 140 கிலோவுக்கு மேல் ஏறுகிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை பிடிக்கிற 40 கிலோ சிப்பம் மூன்றரையை அந்த ராக்கின்மேல் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் படம் பார்த்து வாங்குகிற பார்ட்டிகிள் போர்டு அலமாரி மூன்றரைச் சிப்பத்தைத் தாங்குமா?

தாங்காது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை அது. ஐப்பசி ஈரத்தை ஒருமுறை குடித்து உப்பிவிட்டால், பங்குனி வெயிலிலும் பழைய நிலைக்கு வராது. அப்புறம் திருகு பிடிக்கிற இடம் பொலபொலவென்று உதிரும். மருமகன் வாங்கியிருந்தது இதைத்தான், அதுவும் நாலடி அகலத்தில். அதே பலகையில் மூன்றடித் தட்டை நாலடியாக்கினால் நடுவில் தொய்வது மூன்று மடங்கு கூடும். பலகையின் தடிமனைக் கூட்டுவதைவிட நீளத்தைக் குறைப்பதுதான் காசில்லாத வழி. பிளைவுட் வாங்குவதானால் பலகையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்று போட்ட சாதாரண ரகம் ஈரத்தைக் கொஞ்சம் பொறுக்கும், அவ்வளவுதான். ஐ.எஸ். 710 என்பது ஈரத்தை நன்றாகத் தாங்கும் மரைன் ரகம், விலை உறைக்கும்.

சுவரோடு ஒட்டி நிறுத்துவது

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

2005-இல் ஆசாரியை வைத்து மாம்பலகையில் ஏழடி உயரத்துக்கு ஓர் அலமாரி செய்தேன். கொல்லைப் பக்கத்துச் சுவரில் கூடத்தின் முழு நீளத்துக்கும் பொருந்தும்படி அளவெடுத்துச் செய்தது. பின்பக்கம் திறந்தே இருக்கட்டும் என்றார் ஆசாரி. எனக்கு மனசு கேட்கவில்லை. சுவரின் காரை புத்தகத்தில் உதிருமே என்று, 900 ரூபாய் கூடக் கொடுத்து மெல்லிய பிளைவுட் வாங்கி முதுகில் அடிக்கச் சொன்னேன். நிறுத்தும்போது அம்மா, "சுவத்துல ஓதம் இருக்குடா, கொஞ்சம் தள்ளி வை" என்றாள். தள்ளி வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்காது என்று சொல்லி, சுவரோடு சேர்த்துத் தள்ளினேன்.

அந்த வருஷ மழை டெல்டாவில் பலருக்கும் ஞாபகம் இருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஓடு ஒழுகவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். போகிக்கு வீடு ஒழிக்கும்போது கீழ்த்தட்டில் ஒரு புத்தகத்தை இழுத்தேன், முதுகு அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே காகிதம் இல்லை, ஈரமண் இருந்தது. அடுத்ததை இழுத்தேன், அதுவும் அப்படியே. வெளியிலிருந்து பார்த்தால் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பளிச்சென்று வரிசையாக நிற்கின்றன. பின்னால் கீழ் இரண்டு தட்டும் புற்று. 240 புத்தகம் போயிற்று. அதில் பதினேழு வருஷத்துச் சிறுபத்திரிகை இதழ்களை ஆண்டுவாரியாக பைண்டு செய்து வைத்திருந்தேன். விலை கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காத சரக்கு. போகிக்குக் கொளுத்தக்கூட அது லாயக்கில்லாமல், கொல்லையில் வாழைக்குக் குழி வெட்டிக் கொட்டினேன்.

கரையான் மண்ணிலிருந்து வருவது. அதற்கு ஈரம் வேண்டும், இருட்டு வேண்டும். வெளிச்சத்தில் நடக்காது, நடந்தே ஆகவேண்டும் என்றால் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் நடக்கும். தரையும் சுவரும் சேர்கிற மூலையில் ஒரு மயிரிழை வெடிப்பு போதும். நான் செய்தது என்ன? ஓதம் பிடித்த சுவருக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே இருட்டான, காற்றில்லாத, ஈரமான ஒரு சந்து. கரையான் குழாய் கட்டக்கூடத் தேவையில்லை, பாதையே போட்டுக் கொடுத்துவிட்டேன். அது வருவதை நான் பார்த்துவிடாமல் மறைக்க 900 ரூபாய் வேறு. இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நம் பக்கத்தில் இது மழைக்கால விவகாரம் மட்டுமல்ல. களிமண் பூமி. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால், ஒரு சொட்டு மழை இல்லாமலே கிணற்றில் மட்டம் ஏறும். சுவரும் குடிக்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடுகளில் ஓதத்தைத் தடுக்க அடித்தளத்தில் ஒன்றும் போட்டிருக்க மாட்டார்கள், இடுப்புயரம் வரை சுவர் பொரிந்து கிடக்கும். புது வீட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். நேற்றுவரை நடவு நட்ட வயலில் மண்ணடித்து மேடாக்கிய மனை என்றால் கீழே இருப்பது அதே ஈரம்தான். இன்னொன்று, ஒன்பது அங்குலச் சுவரைக் குடைந்து அலமாரி வைப்பார்கள். வெளிச்சுவராக இருந்தால் உங்கள் புத்தகத்துக்கும் மழைக்கும் நடுவே மிஞ்சுவது நாலரை அங்குலம், ஒரு செங்கல்லின் அகலம். அங்கே பாத்திரம் வையுங்கள்.

சரி, என்ன செய்வது? சுவருக்கும் ராக்குக்கும் நடுவில் ஒரு துடைப்பம் போய் வரும் இடம் விடுங்கள். நான் ஆறு அங்குலம் விடுகிறேன். பின்பக்கம் எதையும் அடிக்காதீர்கள். கடைசித் தட்டு தரையிலிருந்து முக்கால் அடியாவது மேலே இருக்கட்டும். வெளிச்சுவரைவிட இரண்டு அறைக்கு நடுவே உள்ள சுவர் எப்போதும் மேல். வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

இரும்பு ராக் வாங்கிவிட்டேன், இனிக் கவலை இல்லை என்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கரையான் இரும்பைத் தின்னாது, ஆனால் இரும்பின்மேல் ஏறும். காலில் மண்கோடு இழுத்துக்கொண்டு மேலே போய்ப் புத்தகத்தைத் தின்னும். இரும்புக் காலில் உள்ள லாபம், அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியும் என்பதுதான். தெரிந்தால் துடைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அது எந்த வெடிப்பிலிருந்து கிளம்பியது என்று பார்த்து, ஆளைக் கூப்பிட்டுச் சுவரோரம் துளை போட்டு மருந்து இறக்க வேண்டும். வசம்பு வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஏட்டுச்சுவடிகளுக்கு வசம்பு வைக்கிற வழக்கம் உண்டு. ராமபாணம் மாதிரிப் பூச்சிகளை அண்டவிடாமல் வைக்க அது நல்லதுதான். சுவருக்குள் குடியிருக்கிற கரையான் கூட்டத்துக்கு வசம்பின் வாசம் ஒரு பொருட்டே இல்லை.

தட்டில் செய்தித்தாள் விரிப்பது

கரையானுக்கு இலை போடுவது.

விழுந்த மரம் சும்மா கிடைக்கிறதே என்று எடுப்பது

இவ்வளவு பட்டும் நான் திருந்தவில்லை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை கடந்து, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் சாய்ந்து கிடந்தது. அங்கே நண்பர் ஒருவரின் வீட்டு மாமரமும் விழுந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். வண்டி வாடகை, அறுப்புக் கூலி, ஆசாரி கூலி கொடுத்து ஐந்து ராக் செய்தேன். பச்சை மரம். ஆறு மாதத்தில் தட்டுகள் முறுக்கிக்கொண்டன. அடுத்த வருஷம் ஊசித் துளை ஊசித் துளையாக விழுந்து, காலையில் தட்டுக்குக் கீழே மாவு கொட்டியது போல் தூள். அந்தக் கூலிக்கு நல்ல பழைய இரும்பு ராக் பத்து வாங்கியிருக்கலாம்.

மரம்தான் வேண்டும் என்றால், பழைய வீடு பிரித்த மரம் விற்கும் கடைக்குப் போங்கள். உத்திரமும் கதவுப் பலகையும் அறுபது எழுபது வருஷம் காய்ந்து கிடக்கும், இனிமேல் முறுக்க அதில் ஒன்றும் இல்லை. ஆணியை மட்டும் முழுக்கப் பிடுங்கித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அறுவைப் பட்டறையில் திட்டு வாங்குவீர்கள்.

மளிகைக்கடை ராக்கை இளப்பமாக நினைப்பது

ஓட்டை ஓட்டையாக ஆங்கிள், நட்டு போல்ட்டு, தகரத் தட்டு. மருந்துக்கடையிலும் குடோனிலும் நிற்குமே, அதுதான். வீட்டுக்குள் வைத்தால் கடை மாதிரி இருக்கும் என்று தயங்குகிறார்கள். இருக்கட்டுமே. என் கணக்கில் அதைவிட மலிவான, உறுதியான, நாளைக்குக் கழற்றி வேறு வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடிய பொருள் இல்லை. 2014-இல் மூடிய கடை ஒன்றிலிருந்து பதினோரு ராக் எடுத்தேன், ஒன்று 1,300 ரூபாய். பெயின்ட் அடித்துக்கொண்டேன். இன்றுவரை ஒரு தட்டு வளையவில்லை.

புதிதாக வாங்கும்போது கேஜ் கேளுங்கள். எண் குறையக் குறையத் தகடு தடிமன். ஆங்கிள் 14 கேஜ் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, தட்டில் 22 கேஜ் வைத்து விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். புத்தகத்துக்குத் தட்டு 20 கேஜாவது வேண்டும். அகலம் மூன்றடிக்கு மேல் போகாதீர்கள். ஆழம் 12 அங்குலம் போதும். டெமி புத்தகத்தின் அகலமே ஐந்தரை அங்குலம்தான். 15, 18 என்று வாங்கினால் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை அடுக்கத்தான் தோன்றும். பின்வரிசையில் இருக்கும் புத்தகம் உங்களிடம் இருப்பதே மறந்துபோய், கண்காட்சியில் இன்னொரு பிரதி வாங்கி வருவீர்கள். பக்கவாட்டில் குறுக்குப் பட்டை இல்லாமல் நிறுத்தினால் ராக் ஒரு பக்கமாகச் சாயும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மாதிரிக் கடற்காற்று அடிக்கிற ஊர் என்றால் அறுத்த முனைகளிலும் பெயின்ட் தடவுங்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். காலுக்குப் பிளாஸ்டிக் புஷ் போடுங்கள்.

கடப்பாக்கல் தட்டு

கரையான் தின்னாது, தொய்யாது. நடுவில் தாங்கல் இல்லாமல் நீளமாகப் போட்டால் ஒருநாள் சொல்லாமல் உடையும்.

கண்ணாடிக் கதவு

ஐப்பசியில் மூடி வையுங்கள், மார்கழியில் பூசணம் பூத்திருக்கும்.

மச்சில் ஏற்றுவது

கீழே ஓதம், மேலே காய்ந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் மாடிக்குத் தூக்குகிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் குடியிருக்கும் அறைத் தளத்துக்குப் பொறியாளர்கள் எடுக்கிற கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. நூலகத்தில் அடுக்குகள் நிற்கிற அறைக்கு 600. நிறைந்த ராக் ஒன்று தான் நிற்கிற இடத்தில் 500 கிலோ வீதம் அழுத்துகிறது. கான்கிரீட் தளமாக இருந்தால் சுவரோரமாக, உத்திரம் போகும் பக்கம் நிறுத்தலாம். அறை நடுவே வரிசையாக நிறுத்தும் ஆசை வந்தால் பொறியாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மரக்கட்டை போட்டுச் செங்கல் பரப்பிய பழைய மெட்ராஸ் தளம் என்றால் அந்த நினைப்பே வேண்டாம்.

இருப்பதற்கு மட்டும் அளவெடுப்பது

ஒரு மூன்றடித் தட்டில் சராசரியாக நாற்பத்தைந்து புத்தகம் பிடிக்கும். ஆறு தட்டு என்றால் 270. இந்தக் கணக்கில் மருமகனுக்கு மூன்று ராக் போதும், நான்கு வாங்கச் சொன்னேன். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்று 1931-இலேயே விதி எழுதி வைத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன், நம் சீர்காழிக்காரர். ஒவ்வொரு தட்டிலும் கால் பங்கு காலியாக விட்டால்தான், புதிதாக ஒரு புத்தகம் வந்தால் நாலு ராக்கையும் கலைக்காமல் இருக்கலாம்.

கட்டாமல் விடுவது

சுவரிலிருந்து தள்ளி நிறுத்தச் சொன்னேன் அல்லவா, அதனாலேயே மேலே கட்ட வேண்டும். ஆறரை அடி ராக்கின் தலையில் ஆங்கிள் துண்டு ஒன்றைப் போல்ட் செய்து, மறுமுனையைச் சுவரில் முடுக்கிவிட்டால் இடைவெளியும் இருக்கும், சாயவும் சாயாது. குழந்தை இருக்கிற வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கனமான புத்தகம் கீழே போகட்டும்.

மருமகன் அந்த பார்ட்டிகிள் போர்டை ஓட்டல்காரர் ஒருவருக்குத் தட்டு வைக்கக் கொடுத்துவிட்டு, நான்கு பழைய ராக் பிடித்துவிட்டான். சுவரில் ஆறு அங்குலம், தரையில் முக்கால் அடி, எல்லாம் நான் சொன்னபடி. நேற்று போன் வந்தது. "மாமா, கீழ்த்தட்டுக்கு அடியில பூனை குட்டி போட்டிருக்கு. நாலு. இப்ப டார்ச் அடிச்சா சீறுது, என்ன பண்றது?"