புல்வெட்டி ரிப்பேர் டூல்ஸில் போலியைப் பிடிப்பது எப்படி?

பெட்டியையும் லோகோவையும் பார்த்து நம்பாதீர்கள், போலி செய்பவர்கள் முதலில் காப்பி அடிப்பதே அதைத்தான்.

காலிப்பர் (விட்டம், தடிமன் அளக்கும் கருவி) என்றால் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்; இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்புறம் நல்ல கம்பெனியின் புது 6203 பேரிங் ஒன்றை அளந்து பாருங்கள், வெளிவிட்டம் 40 மி.மீ., உள்விட்டம் 17, அகலம் 12. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு (0.02–0.03 மி.மீ.) மாறினால் பரவாயில்லை, 39.9 என்று காட்டினால் வேண்டவே வேண்டாம்.

ஃபீலர் கேஜில் (சின்ன இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளின் செட்) தகடு மேல் இருக்கும் எண்ணைப் பெட்ரோல் துணியால் தேயுங்கள். அழிந்தால் சந்தேகம்தான். பல சின்ன புல்வெட்டி இன்ஜின்களில் ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.76 மி.மீ., அதனால் 0.75 தகட்டை மைக்ரோமீட்டரில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

பிளேடு போல்ட்டை முறுக்கும் டார்க் ரெஞ்ச் (செட் செய்த முறுக்கு விசை வந்ததும் 'கிளிக்' ஆகும் ஸ்பேனர்) போலியானால்தான் ரொம்ப ஆபத்து (பிளேடு கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை). சான்றிதழில் உள்ள சீரியல் எண் ரெஞ்ச் உடம்பிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது வெறும் காகிதம். வீட்டிலேயே சோதிக்க, ரெஞ்சின் சதுர முனையை வைஸில் இறுக்கி, ரெஞ்சைக் கிடைமட்டமாக வைத்து, கைப்பிடி நடுவில், முனையிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் 10 கிலோ தொங்கவிடுங்கள்; ரெஞ்சின் சொந்த எடையால் கொஞ்சம் கூடினாலும், ரெஞ்சைச் சுமார் 39 நியூட்டன் மீட்டரை ஒட்டி செட் செய்யும்போது கிளிக் ஆக வேண்டும்.